பீற்றிஸ் அக்காவின் சனிக்கிழமைக் கேத்தில்

பீற்றிஸ் அக்கா கொதிக்கும் கேத்திலைச் சாய்த்து, கட்டில் பொருத்துகளில் நூல்போல ஊற்றுகிறார். மூட்டைப்பூச்சிக்கான சனிக்கிழமைச் சடங்கு இது. கட்டில்கள் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே நிற்கும். அவற்றின் கால்கள் மண்ணெண்ணெய் விட்ட பால்மாத் தகரப் பேணிகளுக்குள். மட்டக்களப்பு நகரில் படிக்கவும் வேலைபார்க்கவும் வந்த ஏழு பெண்களுக்கு அவர் வீடுதான் போடிங். நான் நான்கு வருடமாக இருக்கிறேன். மண்ணெண்ணெய் மணக்காவிட்டால் எனக்கு இப்போது நித்திரை வராது.

புதிதாக வருகிறவள் பெட்டியை விறாந்தையிலேயே திறக்கவேண்டும். தலையணைத் தையலைக்கூட நகத்தால் நீவிப் பார்ப்பார். "ஒண்டு வந்தாப் போதும்கா, முழு ஊடும் போயிரும்" என்பார். வாயில் இரக்கம் குறைவு. சோற்றில் ஒருநாளும் குறைவைத்ததில்லை.

போன வருடம் ஆவணியில் பூச்சி வந்தேவிட்டது. நுளம்புக்கு மருந்தடிக்க வரும் மலேரியாக்காரர் அடித்த மருந்துக்கும் சாகவில்லை. கிரானிலிருந்து தட்டெழுத்துப் படிக்க வந்த பாலசுந்தரியின் கட்டிலில்தான் அதிகம்.

"உன்ட பெட்டியோடதான் வந்திருக்கு புள்ள. வேற இடம் பாரு" என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

"நான் கொண்டு வரல்ல அக்கா" என்றாள் அவள்.

மற்ற ஆறு பேரும் வாய்திறக்கவில்லை. அதில் நானும் ஒருத்தி. நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. கதை பரவியதில் வேறெந்த வீடும் அவளைச் சேர்க்கவில்லை. பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில் படிப்பை விட்டு ஊருக்குப் போனாள்.

நத்தார்ப் பண்டிகைக்கு வெள்ளையடிக்க, படுக்கையறைச் சுவரிலிருந்த இயேசுவின் திருஇருதயப் படத்தை இறக்கினோம். கோயில் சுவாமியார் மந்திரித்து மாட்டிய படம் என்று பதினொரு வருடம் யாரும் அதில் கைவைக்கவில்லை. பின் அட்டை முழுக்க மூட்டைப்பூச்சியும் முட்டையும். அதற்கு நேர் கீழேதான் பாலசுந்தரி படுத்த கட்டில். அக்கா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு கிரானுக்குப் பஸ் ஏறினார். பாலசுந்தரியின் தாய் எங்களுக்குப் பாய் விரித்தாள். வயல் வட்டையில் களைபிடுங்கப் போயிருந்த மகள் சேற்றுக் காலோடு வந்து நின்றாள்.

"படத்துக்குப் பின்னால இருந்துதான் வந்திருக்கு புள்ள. பிழை என்னிலதான். வா, போவம்."

"சோதினை முடிஞ்சு போச்சு அக்கா."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அக்கா எழுந்தார். "என்னோடயும் ஒண்டு வந்திருக்கும்" என்று, தான் குந்தியிருந்த பாயைத் தானே எடுத்து, முற்றத்தில் நாலு தரம் உதறி, வேலியில் வெயில் பட்ட இடம் பார்த்து விரித்துப் போட்டார்.