மேவிஸ் ஃபியரனின் மேய்ச்சல் மேடு

இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு மேவிஸ் ஃபியரன் முதல் தடவையாக மலையேறிய நாளில் நல்ல காற்று. அவருடைய பண்ணைவீட்டின் பின்பகுதியில் நான் வாடகைக்கு இருக்கிறேன். விழுந்தால் தூக்க ஓர் ஆள் வேண்டுமென்று என்னையும் கூட்டிக்கொண்டார்.

வட இங்கிலாந்தின் கம்பிரியாவுக்கு மலைநடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏரிப்பக்கத்துப் பெரிய சிகரங்களுக்குப் போய்விடுவார்கள். எங்கள் மலைகளில் புல், சேறு, ஆடு, அவ்வளவுதான். வேலி கிடையாது. ஆட்டை நிறுத்திவைப்பது அதன் ஞாபகம். தாய் மேய்ந்த சரிவில்தான் குட்டியும் மேயும். ஒரு கோடை முழுக்க விரட்டினால் அந்த ஞாபகம் கலைந்துவிடும். கலைந்த மந்தையை மலையில் வைத்துக்கொள்ள முடியாது, விற்கத்தான் வேண்டும். மேவிஸுக்கு அப்பா விட்டுச்சென்றது இந்த வீடும் அப்படியொரு மந்தையும்தான். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், இதுகளை விட்டுவிட்டு எவன் வீட்டுக்குப் போவது என்பார்.

அவர் படுத்திருந்த மாதங்களில் மந்தையைப் பார்த்துக்கொண்டவர் அடுத்த பண்ணை வில்ஃப் மௌன்ஸி. பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதர். நெல் என்ற மேவிஸின் மேய்ப்பு நாயையும் அந்த வேலைக்காகக் கூட்டிப்போயிருந்தார். ஞாயிறுதோறும் வந்து தேநீர் குடித்துவிட்டு, ஆடுகள் ஜம்மென்று இருக்கின்றன, நீ காலை நீட்டிப் படு என்பார்.

மேவிஸின் ஆடுகள் காலங்காலமாக மேயும் மேட்டை எட்டியபோது அங்கே மேய்ந்தவற்றின் முதுகில் நீலப் பொட்டு. அது வில்ஃபின் அடையாளம். முதுகில் சிவப்புக் கோடு போட்ட மேவிஸின் ஆடுகள் வெகு கீழே, கல்சுவரை ஒட்டிப் புதரில் ஒண்டிக்கிடந்தன. நடக்க வருகிறவர்கள் நாயை அவிழ்த்துவிடுகிறார்கள் என்று அவர்களைத் திட்டிக்கொண்டே மேவிஸ் நடந்தார்.

அப்போது காற்றில் ஒரு சீழ்க்கை வந்தது. மேட்டின் மறுபுறம் வில்ஃப் கம்பை ஊன்றி நின்றிருந்தார். நாய் நெல், சிவப்புக் கோடு போட்ட ஆடு ஒன்றையும் அதன் குட்டியையும் சரிவில் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லை, தினசரி வேலைபோல.

மேவிஸ் விரலை வாயில் வைத்துச் சீழ்க்கையடித்தார். நெல் அப்படியே படுத்தது. வில்ஃப் திரும்பினார்.

"என்ன மகாராணி, சொல்லியிருந்தா வண்டியில கூட்டிட்டு வந்திருப்பேன்ல."

"எவ்வளவு நாளா இது, வில்ஃப்?"

அவர் நாயைப் பார்த்தபடி பேசினார். மேவிஸால் இனி முடியாது என்றுதான் ஊரே நினைத்ததாம். பிள்ளைகுட்டியும் இல்லை. எப்படியும் மந்தையை விற்கத்தான் வேண்டியிருக்கும், அப்போது இந்த மேடு யாரோ வெளியூர்க்காரன் கைக்குப் போவதைவிடத் தன்னிடம் வந்தால் என்ன என்று தோன்றியதாம்.

"நான் விட்டுட்டுப் போறேன்னு உங்கிட்ட சொன்னேனா?"

"சொல்லல. அந்தக் காலை வச்சுக்கிட்டு எப்படின்னுதான்..."

"அப்ப ஞாயித்துக்கிழமை டீ குடிக்க வந்ததெல்லாம், என் கால் எந்த அளவுக்குத் தேறுதுன்னு பாக்கத்தானா?"

வில்ஃப் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். உன் ஆடுகளை நானே மேலே ஏற்றித் தருகிறேன் என்றார்.

"உன்னுதை நீ ஓட்டிக்கிட்டுப் போ. என்னுதைத் தொடாதே."

அவர் போன பிறகு மேவிஸ் சுவர்வரை இறங்கி, நெல்லை ஏவினார். கிழட்டு ஆடுகள் மேட்டுக்கு வந்ததும் தலை குனிந்து மேயத் தொடங்கின. இளம் ஆடுகள் குட்டிகளோடு திரும்பத் திரும்பக் கீழே இறங்கின. அந்தக் குட்டிகளுக்குப் புதரைத் தவிர வேறு இடம் தெரியாது. நெல்லும் ஏவாமலே மேல்பக்கமாகச் சுற்றிப்போய் அவற்றைக் கீழே விரட்டியது. பிறகு, சரியாகச் செய்துவிட்டதாக, வாலை ஆட்டிக்கொண்டு மேவிஸிடம் வந்தது.

அவர் அதன் தலையைத் தடவி, கழுத்துக் கயிற்றை என்னிடம் கொடுத்தார்.

"வீட்டுல கொண்டுபோய்க் கட்டிப்போடும்மா. இதுக்கு இப்பக் கீழ விரட்டித்தான் பழகியிருக்கு."

"நீங்க?"

"இதுங்க மேல படுக்கிற வரைக்கும் நான் இங்க இருக்கணும். நாளைக்கும்."

பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். அவர் இரு கைகளையும் விரித்துக்கொண்டு, நொண்டி நொண்டி, ஓர் ஆட்டையும் குட்டியையும் மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். குட்டி நின்று, கீழே பார்த்தது.