இழுத்து ஒட்டிய சவ்வு

எங்கள் வீட்டுச் சின்னவளுக்கும் எனக்கும் பதினொரு வயது வித்தியாசம். நான் எட்டாம் வகுப்போடு நின்று கார் சீட்டுக்கு உறை தைக்கப் போனேன். தங்கை படித்துக்கொண்டே போய், காதுக்குள் ஒலி எப்படி அசைகிறது என்று கணக்குப் போடும் ஆராய்ச்சியில் சேர்ந்தாள். "தங்கச்சி என்ன பண்றா?" என்று யாராவது கேட்டால், உட்கார வைத்து விளக்காமல் அனுப்ப மாட்டேன்.

உள்காதில் நத்தை ஓடு போல ஒரு குழாய் சுருண்டிருக்கிறது. விரித்தால் முப்பத்தைந்து மில்லிமீட்டர். உள்ளே திரவம், நடுவில் நீளவாக்கில் ஒரு சவ்வு. வாசல் பக்கம் அது குறுகலாக, விறைப்பாக இருக்கும். கடைசிப் பக்கம் அகலமாக, தொளதொளவென்று இருக்கும். கீச்சென்ற ஒலி வாசல் பக்கத்தை ஆட்டும். கனத்த ஒலி கடைசிவரை போய் ஆட்டும்.

சின்னவள் இதைக் கணினியில் சமன்பாடுகளாக எழுதியிருந்தாள். சரிபார்க்க, முப்பது மடங்கு பெரிதாக ஒரு கண்ணாடித் தொட்டி செய்தாள். அதன் நடுத்தகட்டில் ஒரு மீட்டர் நீளத்துக்கு, கடைசிப் பக்கம் அகன்றுகொண்டே போகும் பிளவு. சவ்வுக்குப் பதிலாக அதன்மேல் மெல்லிய ரப்பர் ஒட்ட என்னைக் கூப்பிட்டாள். நான் ஒட்டியதை ஆய்வகத்தில் எல்லோரும் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

அதன் பிறகு மூன்று வாரம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கீச்சொலிக்கு, கணக்கு சொன்ன இடத்தில் ரப்பர் ஆடியது. கனத்த ஒலிக்கோ கடைசிப் பக்கம் அசையவே இல்லை. வியாழக்கிழமை மதிப்பீட்டுக் குழு வருகிறது. தொட்டியும் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் ஆராய்ச்சியை நிறுத்திவிடுவார்கள்.

புதன்கிழமை மதியம் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். கண்ணெல்லாம் சிவந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிடுடி. நீ பட்டினி கிடந்தா ரப்பர் ஆடிடுமா?"

"கணக்குதான் தப்புக்கா. கடைசிப் பக்கத்து விறைப்ப ஏத்திப் போட்டா தொட்டியோட ஒத்துப்போகுது. அப்படியே மாத்திடலாம்னு பாக்கறேன்."

"மாத்தேன்."

"மாத்தினா அது காது இல்ல, மேளத்தோல். காதுக்குள்ள இருக்கற சவ்வ யாரும் இழுத்துக் கட்டல. கீறினாக்கூட ரெண்டு பக்கமும் விலகாது. சும்மா கிடக்கும்."

தொட்டியின் அகலமான பக்கத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"இழுக்காம படுக்க வச்சு ஒட்டு" என்று ரப்பர் ஒட்டிய அன்றைக்கே சொல்லியிருந்தாள். அகலமான பக்கத்தில் இரண்டு சுருக்கம் விழுந்தது. சுருக்கத்தோடு ஒரு சீட்டை நான் இதுவரை வெளியே அனுப்பியதில்லை. கட்டைவிரலால் அழுத்தி, கொஞ்சம் இழுத்துவிட்டுத்தான் ஒட்டினேன். அதை ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

சொன்னால் மூன்று வாரப் பாடும் என் தலையில். சொல்லாவிட்டால் சரியான கணக்கை அவள் தன் கையாலேயே கெடுப்பாள். மறுபடி ஒட்டினால் பசை காய நாலு மணி நேரம் ஆகும். அப்போது மணி இரண்டு. ஏழு மணிக்கு ஆய்வகத்தைப் பூட்டிவிடுவார்கள்.

"நான் இழுத்துட்டேன்டி."

"எத?"

"அந்த அகலப் பக்கத்த. சுருக்கம் இருந்துச்சு."

"எவ்ளோ இழுத்த?"

"ஒரு மில்லி இருக்கும்."

திட்டுவாள் என்று நின்றேன். "மூணு வாரம்க்கா" என்றாள். பிறகு, "உரி."

உரித்தேன். புது ரப்பரைப் படுக்க வைத்தேன். அதே இடத்தில் சுருக்கம் விழுந்தது. அவள் என் பக்கத்திலேயே நின்றாள்.

"கை அரிக்குதா?"

"அரிக்குது."

"பின்னால கட்டிக்கோ."

ஆறேகாலுக்கு ஐந்து ஒலிகளைக் கொடுத்துப் பார்த்தாள். நாலுக்கு, கணக்கு சொன்ன இடத்திலேயே ரப்பர் ஆடியது. எல்லாவற்றிலும் கனத்த ஒலி கடைசிப் பக்கம் வரை போனது. ஆனால் கணக்கு சொன்ன இடத்துக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே நின்றது.

"இது போதுமா?"

"தெரியலக்கா." அந்த விரற்கடையையும் அப்படியே எழுதிக்கொண்டாள்.

மறுநாள் குழு உள்ளே இருந்தபோது நான் சாப்பாட்டுப் பையோடு வெளியே நின்றிருந்தேன். கதவு வழியாக ஒருவர் கேட்டது காதில் விழுந்தது. "ரப்பர ஏன் நேத்து மாத்துனீங்க?"

"முன்னாடி இழுத்து ஒட்டிட்டோம். அந்த மூணு வார அளவுகளையும் அறிக்கையில வச்சிருக்கேன். இழுத்தா என்ன ஆகும்னு அதுல தெரியும்."

அரை மணி கழித்து வெளியே வந்தாள்.

"ஆறு மாசம் குடுத்திருக்காங்க. அந்த விரற்கடை ஏன்னு கண்டுபிடிக்கணுமாம்."

"கண்டுபிடிக்க முடியாட்டி?"

"அதான்க்கா பயமா இருக்கு" என்று சொல்லி, சாப்பாட்டுப் பையை வாங்கிப் பிரித்தாள்.