இரண்டாவது இயக்குநர்

எங்கள் தெருவில் யாராவது கம்பெனி ஆரம்பிக்க வேண்டுமென்றால் ஃபைல் அக்காவிடம்தான் போவார்கள். என் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே அறை, ஒரே கம்ப்யூட்டர். இருபது வருஷத்தில் முந்நூறு கம்பெனிகளையாவது பதிவு செய்திருப்பார். ஆனால் புதுப் படிவத்தைத் தொடவே மாட்டார். பழைய ஃபைல் ஒன்றை எடுத்துப் பெயர்களை மட்டும் மாற்றுவார். "புதுசா அடிச்சாத்தான்டா தப்பு வரும்" என்பார். சொன்னால் கேட்கிற ரகமா அவர்?

அவருடைய தங்கைக்குத் தையல் வேலை. கணவர் நெஞ்சுச் சளி முற்றிப்போய் இறந்து இரண்டு வருஷம். சீருடை தைக்கிற ஆர்டரை ஒரு ஆஸ்பத்திரி தருவதாகச் சொல்லியிருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் கம்பெனியாகப் பதிவாகியிருக்க வேண்டும். அது கை நழுவினால் மெஷின்களை விற்பதைத் தவிர வேறு வழியில்லை. இயக்குநர்கள் இரண்டு பேர் வேண்டும். தங்கை ஒருத்தி, அக்கா ஒருத்தி என்று முடிவானது.

அக்கா வழக்கம்போலப் பழைய ஃபைலைத் தேடி எடுத்தார். தங்கையும் கணவரும் சேர்ந்து தொடங்கி, பாதியில் நின்றுபோன விண்ணப்பம் அது. தேதியை மாற்றினார், முகவரியை மாற்றினார். இரண்டாவது இயக்குநரின் பெயரை மாற்ற மறந்து, அப்படியே பதிவு அலுவலகத்தில் கொடுத்துவிட்டார். வியாழக்கிழமை காலையில் நகலைப் பார்த்தவர், அடித்துப் பிடித்துக்கொண்டு கீழே ஓடிவந்தார்.

"செத்தவரை இயக்குநராப் போட்டுட்டேன்டா! இயக்குநரா இருக்கச் சம்மதம்னு ஒப்புதல் கடிதத்துல யாரு கையெழுத்துப் போடுவா? தூக்கி வீசிடுவாங்க."

இருவரும் பதிவு அலுவலகத்துக்கு ஓடினோம். குமாஸ்தா நிதானமாகப் பதிவுச் சான்றிதழையும் ஒப்புதல் கடிதத்தின் நகலையும் நீட்டினார்.

"கையெழுத்து இல்லைன்னுதான் நிறுத்தி வச்சிருந்தேன். இப்பதான் அவரே வந்து போட்டுட்டுப் போனார். பாவம், ஒரே இருமல். உக்காருங்கன்னு சொன்னேன், நேரமில்லைன்னுட்டார்."

கடிதத்தில் கையெழுத்துக்குக் கீழே இரண்டு புள்ளிகள். அவர் எப்போதும் அப்படித்தான் வைப்பார். அவருடைய இறப்புச் சான்றிதழைப் பத்து நகல் எடுத்துக் கொடுத்தவனே நான்தான்.

நேராகத் தங்கை வீட்டுக்குப் போனோம். அவள் அந்தக் கடிதத்தை வெகுநேரம் பார்த்தாள். பயப்படவில்லை. கோபம்தான் வந்தது.

"அவ்வளவு தூரம் வந்தவர், வீட்டுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போயிருக்கலாம்ல?"

"ஆர்டர் கைக்கு வரட்டும். இறப்புச் சான்றிதழைக் குடுத்து அவர் பேரை எடுத்துடலாம்" என்றார் அக்கா.

"வேணாம்க்கா. மூணு மாசத்துக்கு ஒருதடவை ரெண்டு இயக்குநரும் கூடிப் பேசணும்னு நீதானே சொன்னே?"

தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அதுக்காவது வருவார்."