விண்ணப்பதாரர் தேநீர் கொடுத்தார்

பழைய கார் வியாபாரிகள் வரிசையாகக் கடை போட்டிருக்கும் அந்தத் தெருவில் அவளுக்கு ‘ஃபைல் அக்கா’ என்று பெயர். பிழைக்க வந்த நாட்டில் பதினொரு வருஷம் ஒரே முதலாளியிடம் வேலை பார்த்தவள். வண்டிக்குப் பெயர் மாற்றுவது, அதன்மேல் கடன் நிற்கிறதா என்று விசாரிப்பது, டார்ச் அடித்து சேஸிஸ் நம்பரைச் சரிபார்ப்பது எல்லாம் அவள் பொறுப்பு. விற்பவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் சரி, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்காமல் ஒரு வண்டியையும் வாங்க விடமாட்டாள். வெள்ளத்தில் முழுகிய காரை எப்படித்தான் கழுவினாலும், உள்ளே சுருண்டு கிடக்கும் பெல்ட்டின் அடியில் சேற்றுக்கோடு நிற்கும். அந்த வித்தையை முதலாளி தன்னுடையது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் அதை அவளுக்கே சொல்லிக் கொடுத்தார். மறுவாரம் அவள் வேலையை விட்டாள்.

சொந்தமாகக் கார் வியாபாரம் செய்ய அந்த ஊரில் லைசன்ஸ் வாங்குவதற்குள் பாதி உயிர் போய்விடும். போலீஸ் சான்றிதழ் வேண்டும், பரீட்சை எழுத வேண்டும். ஆறு வண்டி நிற்க இடம், பூட்டு போட்ட அலமாரியோடு தனி அறை, சுவரில் அறைந்த பெயர்ப்பலகை எல்லாம் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அவள்தான் கால் கடுக்க நின்றாள். பரீட்சையில் முதல் தடவையே தேறினாள். சரக்குக் கிடங்கில் ஷிஃப்ட் பார்க்கும் கணவர் அவள் அலைந்த நாலு மாதத்தில் செய்தது ஒரே வேலை. சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, “நான் கார் கம்பெனி ஆரம்பிக்கிறேன்” என்று சொல்லி முடித்தார்.

கடையை ஆய்வு செய்ய அதிகாரி வரும் நாளில் அவர் லீவு போட்டு, டை கட்டிக்கொண்டு வந்து நின்றார். அதிகாரி கையில் ஒரு படிவத்தோடு உள்ளே வந்தான். இளவயது, சிரிக்காத முகம்.

“இந்தத் தொழிலை நடத்தப்போறது யாரு?”

அவள் வாயைத் திறப்பதற்குள், “என்னைக் கேளுங்க, நான் சொல்றேன்” என்றார் கணவர்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் வெளியாள் முன்னால் கட்டினவரை மறுத்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. டாக்டரிடம் போனால் அவள் வயிற்று வலியை அவர்தான் விவரிப்பார்; பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் மார்க்கைப் பற்றி அவர்தான் பேசுவார். பதினாறு வருஷப் பழக்கம் வாயைக் கட்டிப்போட்டது. அவன் கேட்டதற்கெல்லாம் அவர் ஏதேதோ அளந்தார். “போய் டீ கொண்டு வாயேன்” என்று வேறு சொன்னார். பாழாய்ப்போன புத்தி, அவளும் போய்க் கொண்டுவந்தாள்.

மூன்றாம் வாரம் லைசன்ஸ் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஏமாற்றுத் தொழில் செய்து தடை செய்யப்பட்டவர்கள் பெண்டாட்டி பெயரில் மறுபடி நுழைவதால், அந்த அலுவலகம் பினாமிகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடிக்கொண்டிருந்தது. கடிதத்தில் இப்படி இருந்தது: ‘கேள்விகளுக்குக் கணவரே பதிலளித்தார். விண்ணப்பதாரர் தேநீர் கொடுத்தார். இவர் பெயர் மட்டுமே கொடுத்திருப்பதாகக் கருதுகிறோம்.’ இருவரும் நேரில் விசாரணைக்கு வர வேண்டும். அதிலும் தவறினால் மூன்று வருஷத்துக்கு அவள் விண்ணப்பிக்கவே முடியாது.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். காதுமடல் வரை சுட்டது.

“ஒத்தாசைக்குத்தானே பேசினேன்” என்றார் கணவர்.

“ஒத்தாசையா? நாலு மாசம் நான் நாயா அலைஞ்சப்போ எங்க போச்சு உங்க ஒத்தாசை?”

“நீயாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?”

அதுதான் அவளைக் கொன்றது. அந்த டீ கோப்பையை நினைத்தால் தன் கையையே ஒடித்துப் போடலாம் போலிருந்தது. “சொல்லியிருக்கணும். உங்க மானத்தைக் காப்பாத்தப் போயி என் தலையில நானே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டேன்” என்றாள். விசாரணை நாள்வரை அவரிடம் அவள் பேசிய பேச்சு, சாப்பாடு இருக்கிறது என்பது மட்டும்தான்.

விசாரணை அறையில் நீளமான மேஜை. கண்ணாடி அணிந்த மூத்த அதிகாரி ஒருத்தி, பக்கத்தில் எழுதிக்கொள்ள ஒரு குமாஸ்தா. அதிகாரி நேராகக் கணவரைப் பார்த்தாள்.

“வெள்ளத்துல மாட்டின வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?”

“ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்.”

குமாஸ்தா எழுதினான். அதிகாரி அடுத்ததைக் கேட்டாள்: “கடன் நிக்கிற வண்டி விற்க வந்தா முதல்ல எங்க விசாரிப்பீங்க?”

அவர் அவள் பக்கம் திரும்பினார். அவள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்றிருந்தது அவளுக்கு.

“உங்க அலமாரி சாவி யார்கிட்ட இருக்கு?”

அதுவும் அவருக்குத் தெரியவில்லை. டையைத் தளர்த்திக்கொண்டார். “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. கடை அவளோடது. அவளைக் கேளுங்க” என்றார்.

பதினாறு வருஷத்தில் முதல் தடவை. அதுவும் ஓர் அரசாங்கக் காகிதத்தில் ஏறியது. பிறகு அவளைக் கேட்டார்கள். முக்கால் மணி நேரம் அவள் பேசினாள். சீட் பெல்ட் விஷயத்தைச் சொன்னபோது அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

பத்தாம் நாள் லைசன்ஸ் வந்தது. அவள் அதைச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் ஆணி அடித்து மாட்டிக்கொண்டிருந்தபோது கணவரின் போன் அடித்தது. அவருடைய பெரியப்பா. ஸ்பீக்கரில் கணீரென்று கேட்டது: “என்னப்பா, உன் கார் கம்பெனிக்கு லைசன்ஸ் கிடைச்சிடுச்சாமே?”

அவர் அவளைப் பார்த்தார். “இதோ, அவகிட்டயே குடுக்கறேன் பெரியப்பா” என்று போனை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. “நான் எதுக்கு? யார்கிட்ட நீங்க என்ன சொன்னீங்களோ, அதை நீங்கதான் மாத்திச் சொல்லணும். அன்னிக்கு விசாரணையில அந்த அம்மாகிட்ட சொன்னீங்கள்ல, அதையே சொல்லுங்க.”

“ஹலோ, ஹலோ” என்றது போன். அவள் சுத்தியலைக் கீழே வைக்காமல், அவர் சொல்லட்டும் என்று நின்றாள்.