கையுறை இல்லாத விரல்

கொட்டாஞ்சேனையில் இருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரி இப்போது இல்லை. ஆனால் நான் சொல்லப்போவதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. டொக்டர் நாகேந்திரம் இதைத் தன் வாழ்நாளில் இரண்டே பேரிடம் சொன்னார். அவர்களில் ஒருவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

1946 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை. பட்டப்பகல். வெளியே அடைமழை. ஒப்பரேஷன் மேசையில் ருக்கியா கிடந்தாள், வயது இருபத்தெட்டு. மூளையில் வளர்ந்த கட்டி அவள் பார்வையைப் பாதிக்கு மேல் பறித்துவிட்டிருந்தது. கணவர் ஸாலிஹ், வெள்ளவத்தையில் துணிக்கடை வைத்திருந்தவர், காலையில் டொக்டரின் கையைப் பிடித்தவர் விடவேயில்லை.

"மூணு புள்ளயள் ஈக்கி டொக்டர். எப்பிடியாவது..."

மணி 2.10. கட்டியின் கடைசித் துண்டைப் பிரித்தபோது, அடியிலிருந்த பெரிய இரத்தக்குழாய் கிழிந்தது.

குபுக்.

நாகேந்திரம் விரலால் அழுத்தினார். நின்றது. எடுத்தார். மறுபடி பொங்கியது. உதவி டொக்டர் சின்னராசா நோயாளியின் தொடையிலிருந்து சிறு தசைத்துண்டு ஒன்றை வெட்டிக் கொடுத்தார். அதை வைத்து அடைப்பதுதான் அன்றைய வழி. வைத்தார். இரத்தம் அதைத் தள்ளிக்கொண்டு வந்தது. இரண்டாவது துண்டு. அதுவும் போயிற்று.

"பிறஷர் இறங்குது," என்றார் மயக்கமருந்து கொடுப்பவர்.

இனித் தைத்தே ஆகவேண்டும். தைக்க இரண்டு கையும் வேண்டும். அவருடைய ஒரு விரலோ கிழிசலை விட்டு அசைய முடியாது.

"சின்னராசா! கெதியா வந்து விரல வையும்!"

இடப்பக்கமிருந்து ஒரு விரல் நீண்டது. சரியாகக் கிழிசலின் மேல் பதிந்தது. இரத்தம் சட்டென்று நின்றது.

அவர் ஊசியை எடுத்தார். ஒரு தையல். இரண்டு...

"இந்தா வாறன் சேர்! தொடையில ரத்தம் நிக்குதில்ல!"

சின்னராசாவின் குரல். மேசையின் கால்மாட்டிலிருந்து.

அப்படியென்றால்... நர்ஸ் சிவமணியா? அவள் வலப்பக்கம் நின்றாள். இரண்டு கையிலும் ஊசித்தட்டு.

அவர் குனிந்தபடியே அந்த விரலைப் பார்த்தார்.

கையுறை இல்லை. நகம் நீலம். அவர் கையில் பட்ட இடமெல்லாம் ஐஸ்.

நிமிரவில்லை. நிமிர்ந்தால் அது போய்விடும். போனால் இவள் செத்துவிடுவாள்.

"விடாதேங்கோ..." என்றார் மெதுவாக.

விரல் இன்னும் இறுக்கி அழுத்தியது.

மூன்று... நாலு... ஐந்து.

2.31. கடைசி முடிச்சு.

விரல் விலகியது.

ஒரு சொட்டும் வரவில்லை.

இடப்பக்கம் திரும்பினார்.

வெறும் சுவர்.

ஒன்பதாம் நாள் ருக்கியா கண் திறந்து தன் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்தாள். ஸாலிஹ் விறாந்தையில் டொக்டரை மறித்தார்.

"டொக்டர், அந்த மிஸ்ஸிட தலைக் காயம் சொகமா?"

"எந்த நர்ஸ் மிஸ்ஸி?"

"அண்டைக்கு ரெண்டரைக்குப் பொறகு வெளிய வந்தாவே. 'பயப்படாதேங்கோ, அவ பிழைச்சிட்டா' எண்டு சென்னா. அவட தலையெல்லாம் கட்டு. கட்டெல்லாம் ரெத்தம்... சட்டையில சொட்டிக்கொண்டே ஈந்திச்சி."

நாகேந்திரம் நேரே போய், சத்திரசிகிச்சை அறையில் நெடுங்காலம் வேலைசெய்த வேலுசாமியைப் பிடித்தார். ஸாலிஹ் கண்டதைச் சொல்லிக் கேட்டார்.

"அது பாலேஸ்வரி மிஸ்ஸிங்க. நீங்க இங்க வர்றதுக்கு முன்னாடி, ஏழு வருசமாச்சு. அவங்களுக்கும் மண்டையில கட்டி. இதே மேசதான். ரத்தக்கொழாய் கிழிஞ்சுபோச்சு. அமுக்கிப் புடிச்சிருந்த டாக்டருக்கு வெரலு மரத்துப்போயி... ஒரே ஒரு தடவ எடுத்துட்டாருங்க."