பிளக் வெள்ளையாக இருந்தது

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. கல்கத்தாவில், கார்டன் ரீச்சில் இருந்த ரயில்வே அலுவலகத்தில் நான் அப்போது குமாஸ்தா. வயது இருபத்தாறு. திருச்சியிலிருந்து வேலைக்காகப் போனவன். லேக் கார்டன்ஸில் ஒரு மாடி அறையில் இன்னும் இரண்டு தமிழ்ப் பையன்களோடு தங்கியிருந்தேன். இதை என் மனைவியைத் தவிர யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அந்த வருஷம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினேன். இருநூற்றைம்பது சிசி, டூ-ஸ்ட்ரோக், இருபுறமும் நீளமாக இரண்டு சைலன்ஸர். ஊரில் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டாதவனுக்கு அது குதிரை மாதிரி. வாங்கிய மூன்றாம் மாதமே அதை இன்னும் வேகமாக ஓட வைக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. லேக் கார்டன்ஸ் லெவல் கிராஸிங் பக்கத்தில் ஒரு வங்காளி மெக்கானிக் இருந்தான். என் வயதுதான் இருக்கும். அவனிடம் சொல்லி சைலன்ஸருக்குள் இருந்த தடுப்புக் குழாய்களை உருவி எடுத்தேன். காற்றை வடிகட்டும் பெட்டியைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டர் வாயில் ஒரு புனலை மாட்டச் சொன்னேன். வண்டி போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

"இனிமேல் காற்று நிறைய உள்ளே போகும், அதற்குத் தக்கபடி பெட்ரோலும் கூடுதலாகப் போக வேண்டும்" என்று மெக்கானிக் வங்காளமும் இந்தியும் கலந்து சொன்னான். பெட்ரோலின் அளவைத் தீர்மானிப்பது கார்புரேட்டருக்குள் இருக்கும் ஜெட். நடுவில் ஊசித் துளை உள்ள சின்னப் பித்தளைத் துண்டு அது. அதைக் கழற்றி, துளை பெரியதாக உள்ள வேறொன்றை மல்லிக் பஜாரிலிருந்து வாங்கி வந்து மாட்டிக் கொடுத்தான்.

எனக்கு அது பிடிக்கவில்லை. பெரிய ஜெட்டில் வண்டி புகை கக்கியது. கூட்டத்தில் மெதுவாகப் போனால் இருமியது. மோட்டார் சைக்கிள்களைப் பற்றிய இங்கிலீஷ் பத்திரிகைகளைப் பழைய புத்தகக் கடைகளில் வாங்கிப் படித்துக்கொண்டிருந்த காலம். எனக்கே எல்லாம் தெரியும் என்று நினைப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்து பழைய சின்ன ஜெட்டைத் திரும்ப மாட்டினேன். வண்டி பறந்தது. ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் போதும், கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. திங்கட்கிழமை ஆபீசில், "மெக்கானிக்கால முடியாததை நான் பண்ணிட்டேன்" என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து டயமண்ட் ஹார்பர் ரோட்டில் தனியாக வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று இஞ்சினில் ஒரு கீறல் சத்தம். பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. வண்டி பக்கவாட்டில் இழுத்தது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே கிளட்சைப் பிடித்தேன். சக்கரம் விடுபட்டு உருண்டது. ஓரமாக நிறுத்தி, ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். கால்மணி நேரத்தில் சூடு ஆறியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி கிளம்பியது.

மறுநாள் மெக்கானிக்கிடம் போனேன். அவன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தான். நுனி வெள்ளைவெளேரென்று இருந்தது. சுத்தமாக இருக்கிறதே என்றேன்.

"இது சுத்தம் இல்லை. இஞ்சினுக்குக் காய்ச்சல்" என்றான். பிளக் காபிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டுமாம். பெட்ரோல் போதாமல் உள்ளே சூடு ஏறி, பிஸ்டன் வீங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. "இன்னிக்கே பெரிய ஜெட்டைப் போடு. அடுத்த தடவை உனக்கு நேரம் கிடைக்காது" என்றான்.

பெரிய ஜெட் அறையில்தான், சோப்பு டப்பாவில் கிடந்தது. மாட்டுவதற்கு அரைமணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று விட்டேன். அந்த ஞாயிறு மழை. அடுத்த ஞாயிறு சோம்பல். உண்மையைச் சொன்னால், அந்த வேகத்தை விட்டுக்கொடுக்க மனசில்லை. எப்போதும் இரண்டு விரலைக் கிளட்சின் மேல் வைத்தபடி ஓட்டப் பழகிக்கொண்டேன். விஷயத்தை ஆபீசில் யாரிடமும் சொல்லவில்லை. பீற்றிக்கொண்டவன் எந்த முகத்தோடு சொல்வது?

என் பிரிவிலேயே எனக்கு ஒரு நண்பன் இருந்தான். பெஹாலாவில் பிறந்து வளர்ந்த தமிழன். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து இறந்துபோனவர். வீட்டில் அவனும் அம்மாவும்தான். அவனுடைய தமிழில் பாதி வங்காளம் இருக்கும். நல்ல ஃபுட்பால் ஆட்டக்காரன். அந்தத் திறமையை வைத்துத்தான் வேலையே கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போவான். அவன் அம்மா கையால் சாப்பிட்டால்தான் எனக்கு அந்த வாரம் முடிந்த மாதிரி இருக்கும்.

மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. அரை நாள் ஆபீஸ். மூன்று மணிக்கு மைதானத்தில் பெரிய டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். அவன் ஒரு வருஷமாகக் காத்திருந்த நாள். காலையிலிருந்து அடித்த மழையில் கிதிர்பூர் பக்கம் தண்ணீர் தேங்கி, பஸ் எதுவும் வரவில்லை. வேலை முடிந்தும் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாமல் ஆபீசிலேயே இருந்தோம். இரண்டேகால் மணிக்கு என் மேஜைக்கு ஓடிவந்தான்.

"டேய், வண்டி குடுடா. பஸ்ஸை நம்பினா ஏக்தம் போச்சு."

அவன் முன்பு பல தடவை என் வண்டியை ஓட்டியிருக்கிறான். ஆனால் நான் அதில் கைவைத்த பிறகு ஓட்டியதில்லை. சாவியை எடுத்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சுற்றிலும் நாலைந்து பேர் நின்றுகொண்டு, "புது ராக்கெட்டா! ஜாக்கிரதைப்பா, பறந்துடப் போறே" என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் சிரித்தேன்.

"மெதுவாப் போ" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"தூர்! மெதுவாப் போறதுக்கா உன் வண்டியைக் கேட்டேன்?" என்று படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கிப் போனான்.

நாலு மணிக்கு ஆபீசுக்குப் போன் வந்தது. கிதிர்பூர் பாலம் தாண்டி, ரேஸ் கோர்ஸ் பக்கம் நேராகப் போகும் ரோட்டில், டிராம் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டான். வண்டி அவன் வலது முழங்காலை நசுக்கிக்கொண்டு வெகுதூரம் இழுத்துப் போயிருக்கிறது. பின்னால் வந்த லாரிக்காரர் சமயத்தில் ஒடித்துத் திருப்பியதால் உயிர் இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தேன். கால் முழுவதும் கட்டு. முகம் வெளுத்திருந்தது. என்னைக் கண்டதும் அழ ஆரம்பித்தான்.

"டிராம் லைன்ல வழுக்கிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஈர ரோடு. நான் பிரேக் பிடிச்ச ஞாபகமே இல்லடா. ஆனா சக்கரம் நின்னுடுச்சு. அப்ப நான்தான் பயந்து மிதிச்சிருப்பேன் போல."

அவன் பிரேக்கைத் தொடவே இல்லை என்பது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. சொல்ல வேண்டிய இடம் அதுதான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அதெல்லாம் இப்ப யோசிக்காதே" என்றேன். ஆறுதல் சொன்னது போல இருந்திருக்கும் அவனுக்கு.

வெளியே வராந்தாவில் அவன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீ நம்பிக் குடுத்த வண்டியை இப்படிப் பண்ணிட்டானேப்பா. மனசுல ஒண்ணும் வச்சுக்காதே. அவன் சின்ன வயசுலேருந்தே அவசரக்காரன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் அந்தக் கைகளைப் பிரித்துவிட்டேன்.

வண்டியைக் கைவண்டியில் ஏற்றி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவன் இஞ்சினைப் பிரித்தான். பிஸ்டனின் ஒருபக்கம் உருகி, சிலிண்டர் சுவரில் அப்பியிருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"ஓட்டினவன் இருக்கானா?"

"இருக்கான்."

"அவனுக்குத் தெரியுமா?"

நான் உருகிய பிஸ்டனையே பார்த்தேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு வேறு வண்டியிடம் போய்விட்டான். அந்த வண்டியை நான் பிறகு ஓட்டவே இல்லை. பிரித்தது பிரித்தபடியே விற்றுவிட்டேன்.

நண்பன் எட்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தான். முழங்கால் மடங்காது. வேலையை எடுத்துவிடவில்லை. ஆனால் பழைய கோப்புகள் அடுக்கிய அறைக்கு மாற்றிவிட்டார்கள். சனிக்கிழமைகளில் மற்றவர்கள் பூட்ஸோடு மைதானத்துக்குக் கிளம்பும்போது அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். புதிதாக வண்டி வாங்கும் பையன்களிடம் தவறாமல் சொல்வான்: "டிராம் லைன் பக்கத்துல பிரேக்கை மிதிக்காதே. என்னைப் பாத்துக் கத்துக்கோ." ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ளே எதுவோ அறுபடும். ஆனாலும் வாய் திறக்கவில்லை. இன்று சொல்லலாம், துர்கா பூஜை லீவுக்குப் பிறகு சொல்லலாம் என்று இரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை மட்டும் நிறுத்தவில்லை. போகாமல் இருந்தால் சந்தேகம் வருமோ என்ற பயம் ஒரு காரணம். அவர்களை விட்டால் எனக்கு அந்த ஊரில் வேறு யாரும் இல்லை என்பது இன்னொன்று.

அப்படி ஒரு ஞாயிறு. எங்களுக்குத் தரையில் இலை. அவனுக்கு மட்டும் நாற்காலி, ஸ்டூலின் மேல் தட்டு. ரசம் கொட்டிவிட்டது. அம்மா துடைத்துக்கொண்டே, ஏதோ அலுப்பில், "ஒரு அஞ்சு நிமிஷம் பொறுமையாப் போயிருந்தா இன்னிக்கு எல்லாரோடயும் கீழ உக்காந்து சாப்பிடலாம்ல" என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாம்மா. என் தப்புதான்" என்றான்.

சோற்றிலிருந்து கையை எடுத்தேன். "அவன் மேல தப்பு இல்லம்மா" என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. சின்ன ஜெட், டயமண்ட் ஹார்பர் ரோடு, வெள்ளைப் பிளக், மெக்கானிக் பிரித்துப் பார்த்த பிஸ்டன், எல்லாவற்றையும் இலையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன்.

அம்மாவுக்குப் பாதி புரியவில்லை. "என்னடா சொல்றான் இவன்?" என்று மகனைக் கேட்டார்.

அவன் அதைக் காதில் வாங்காமல் என்னிடம் கேட்டான்: "விழறதுக்கு முன்னாடி கிர்ர்னு ஒரு சத்தம் வந்துது. அதுதானா?"

"அதுதான்."

"கிளட்ச் பிடிச்சிருந்தா?"

"சக்கரம் விடுபட்டிருக்கும்."

"அது உனக்கு அப்பவே தெரியும்."

"தெரியும்."

அவன் கத்துவான், அடிப்பான் என்று காத்திருந்தேன். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்தான். நானும் பின்னால் போனேன். அம்மா கேட்காத தூரம் வந்ததும் நின்றான்.

"வண்டியைக் குடுத்ததைக்கூட மன்னிச்சிடலாம்டா. யாரும் ஒரு தடவை அப்படிப் பண்ணிடுவாங்க. ஆனா ரெண்டு வருஷமா நான் படுத்தாத் தூக்கம் இல்ல. பிரேக்கை மிதிச்சேனா இல்லையான்னு காலையே பாத்துக்கிட்டு இருப்பேன். நீ பக்கத்துல உக்காந்து அதைப் பாத்துக்கிட்டே சாப்பிட்டிருக்கே." வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான். "இனிமே வராதே" என்றான்.

நான் போகவில்லை. ஆபீசில் எதிரெதிரே வந்தால் அவன் வழிவிட்டு ஒதுங்கிப் போவான். பையன்களிடம் டிராம் லைனைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். என்னைப் பற்றி ஒருவரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த வருஷம் நான் மாற்றல் கேட்டுத் தெற்கே வந்துவிட்டேன்.

கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பு, பெஹாலா டிராம் ஸ்டாப்பில் அவன் அம்மாவைப் பார்த்தேன். கையில் காய்கறிப் பை. என்னைக் கண்டதும் பழைய பழக்கத்தில் முகம் மலர்ந்துவிட்டது. "என்ன தம்பி, சாப்..." என்று ஆரம்பித்தவர் நடுவிலேயே நிறுத்திக்கொண்டார். மகன் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். பையை இன்னொரு கைக்கு மாற்றினார். டிராம் வந்ததும் ஏறிப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

எனக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். சின்ன ஜெட்டை மாட்டியது இருபத்தாறு வயதின் முட்டாள்தனம், அதை ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் மன்னித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு மனிதன் செய்யாத தப்பை இரண்டு வருஷம் தன் தலையில் சுமக்க, அதை இறக்கிவைக்கக் கூடிய ஒரே ஆள் நான் என்று தெரிந்தும் பேசாமல் இருந்தேனே, அதற்கு எந்தச் சமாதானமும் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.