பத்தொன்பது நாள் சட்டை

என் மாமாவின் விரல்களில் ரேகை கிடையாது. பதினாறு வருஷமாக வெந்நீரிலும் சலவைச் சோடாவிலும் ஊறி ஊறித் தேய்ந்துவிட்டது. வேலைக்கு வந்ததைப் பதிய வாசலில் விரல் வைக்கும் கருவி ஒன்றை மாட்டினார்கள். எல்லாரையும் அடையாளம் கண்டுகொண்ட அந்தக் கருவி, மாமா விரலை வைத்தால் மட்டும் சிவப்பு விளக்கைக் காட்டியது.

"மிஷினுக்கே மிஷின்காரரைத் தெரியலையே!" என்று துணி மடிக்கிற பெண்கள் சிரித்தார்கள்.

"அது புதுசும்மா. போகப் போகப் பழகிடும்" என்றார் மாமா. பழகவில்லை. இன்றுவரை அவருக்கு மட்டும் தனியாக ஒரு நோட்டு, அதில்தான் கையெழுத்து.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். ஆஸ்பத்திரிகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் பெரிய மிஷின் அவர் பொறுப்பு. ஒரு ஆள் உள்ளே போய் நிற்கலாம், அவ்வளவு பெரிய உருளை. மாமாவுக்குப் படிப்பு அதிகமில்லை. ஆனால் துணியில் தைத்திருக்கும் சீட்டின் குறிகளெல்லாம் அவருக்கு அத்துப்படி. முக்கோணம், வட்டம், தொட்டி, தொட்டிக்குள் புள்ளி. "சீட்டப் பாத்துட்டு மிஷினப் போடு" என்பதுதான் அவர் வேதம். சீட்டே இல்லாத துணி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் யோசனைக்கே இடமில்லை. கொதிநீர் உருளைதான். கிருமி போக வேண்டும்.

ஒரு துவைப்புக்கு நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷமும் மிஷினை விட்டு நகரக்கூடாது. கைக்கு வேலையும் கிடையாது. மற்றவர்கள் போனைப் பார்ப்பார்கள். மாமா ஸ்வெட்டர் பின்னினார். கூடத்தில் கிழிசல் தைக்கும் பெண் பின்னுவதைப் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டதுதான். பழைய சைக்கிள் சக்கரத்துக் கம்பிகள் இரண்டைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து ஊசியாக்கிக்கொண்டார். ஒரு துவைப்புக்குப் பன்னிரண்டு வரிசை. இந்தக் கை எப்போது முடியும் என்று கேட்டால் மணிக்கணக்கு சொல்லமாட்டார், "மூணு துவைப்பு" என்பார். தப்பு வந்தால் கவலையே படமாட்டார். "பிரிச்சுப் பின்னிட்டாப் போச்சு."

"என்ன மிஷின்காரரே, வலையா பின்றீங்க? எந்தக் கடல்ல போடப் போறீங்க?" என்று பாய்லர்க்காரர் தினம் ஒரு தடவையாவது கேட்பார்.

"உங்க வாய்க்குத்தான் அண்ணே. எவ்ளோ பின்னினாலும் அளவு பத்த மாட்டேங்குது."

நூல், கடைத்தெருவில் கிடைக்கிற சாதா நூல். உல்லன் என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். ஆட்டுரோமம் அதில் பேருக்குக்கூட இருக்காது, எல்லாம் பிளாஸ்டிக் சங்கதி. பின்னி முடித்ததும் ஆஸ்பத்திரித் துணியோடு சேர்த்துக் கொதிநீரில் ஒரு சுற்று விட்டு எடுத்துத்தான் கொடுப்பார். எத்தனை சூடு வைத்தாலும் அது சுருங்காது. கூடத்துப் பெண்களின் குழந்தைகள் எட்டுப் பேராவது அவர் பின்னின சட்டையில் தவழ்ந்திருப்பார்கள். அப்படி ஒன்றைக் கொடுத்துவிட்டு வருகிற அன்றைக்கு அக்கா அவரிடம் எதையும் கேட்க மாட்டாள். அவரும் சொல்ல மாட்டார். கல்யாணமாகி ஒன்பது வருஷம் அப்படிப் போனது.

பத்தாவது வருஷம் அக்கா முழுகாமல் இருந்தாள்.

அந்த மாதம்தான் எனக்கு முதல் சம்பளம் வந்தது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பட்டமளிப்பு விழாவுக்கு மாமா ஒரே சட்டையை மூன்று தடவை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்து, யார் பெயரைக் கூப்பிட்டாலும் கைதட்டினார். அவருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று எனக்கு இருந்தது. வேலை பார்க்கிற நகரத்தில் ஒரு பெரிய கடைக்குப் போய் நாலு உருண்டை நூல் வாங்கினேன். அசல் ஆட்டுக் கம்பளி. பாலேடு நிறம். ஒவ்வொரு உருண்டையைச் சுற்றியும் ஒரு அட்டைப் பட்டை, பட்டையில் விலை. அதைப் பார்த்தால் மாமா "எதுக்கு மாப்ளே இவ்ளோ?" என்று ஆரம்பித்துவிடுவார். பஸ்ஸில் வரும்போதே நாலு பட்டைகளையும் உருவிக் கிழித்து ஜன்னல் வழியாக விட்டேன்.

கிழிக்குமுன் படித்தேன். படிக்கத் தெரிந்தவன்தானே.

"இது என்ன நூல் மாப்ளே? பூனைக்குட்டியத் தொடற மாதிரி இருக்கு."

"ஒசத்தி நூல் மாமா. அந்தக் கடையிலேயே இதுக்கு மேல ஒண்ணு கிடையாது."

அதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் அதைக் கூடத்துக்குக் கொண்டுபோய் ஒவ்வொருவர் கன்னத்திலும் வைத்துக் காட்டியிருக்கிறார். "எம் மச்சினன் வாங்கியாந்தது. படிச்ச புள்ள, பாத்துத்தான் வாங்கும்."

பெண் குழந்தை பிறந்தது. இதயத்தில் ஓட்டை என்றார்கள். கண்ணாடி அறைக்குள் வைத்துவிட்டார்கள். முதல் பன்னிரண்டு நாள் உடம்பில் குழாய்கள்தான், துணி இல்லை. பதின்மூன்றாம் நாள் நர்ஸ் வெளியே வந்து, "முன்னாடி பொத்தான் வெச்ச சட்டை ஏதாவது இருந்தா குடுங்க, போட்டு விடறேன்" என்றாள். மாமா அந்தப் பாலேடு நிறக் கம்பளியில் ஒரு சட்டை பின்னித் தயாராகத்தான் வைத்திருந்தார். கண்ணாடி வழியாகக் குழந்தையைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். அவளைப் போல இரண்டு பேர் அதற்குள் படுக்கலாம். ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து முழுவதையும் பிரித்தார். எழுபத்தெட்டுக் கண்ணியை அறுபத்திரண்டாகக் குறைத்து, சாயங்காலத்துக்குள் முடித்துக் கொடுத்துவிட்டார். அவ்வளவு வேகமாக அவர் பின்னி யாரும் பார்த்ததில்லை. பாய்லர்க்காரர் பக்கத்தில் உட்கார்ந்து நூல் சிக்காமல் பிடித்துக்கொடுத்தார். வலையைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏழு நாள் அவள் அதைப் போட்டிருந்தாள். மருந்து ஊட்ட அக்காவை மட்டும் உள்ளே விட்டார்கள். பத்தொன்பதாம் நாள் போய்விட்டாள். பெயர், வீட்டுக்கு வந்ததும் வைக்கலாம் என்றிருந்தோம்.

ஒரு பையில் அந்தச் சட்டையைப் போட்டுக் கொடுத்தார்கள். போனில் எடுத்த படங்களிலெல்லாம் முகத்தை விடக் குழாய்தான் அதிகம். அதனால் அக்காவுக்கு மிஞ்சியது அந்தச் சட்டைதான். கழுத்துப் பக்கம் முழங்கை மடிப்பிலும் கீழ் விளிம்பு மணிக்கட்டிலும் வருகிற மாதிரி கையில் நீட்டிப் போட்டுக்கொள்வாள். "இங்க தல. இது வரைக்கும் கால். இவ்ளோதான்டா இருந்தா" என்பாள். மோந்து பார்ப்பாள். துவைக்கவே விடவில்லை. கழுத்தோரத்தில் மஞ்சளாக ஒரு மருந்துக் கறை. அதைப் பார்த்தால் மட்டும் உடைந்துபோவாள்.

"துப்பினாடா. வேணாம் வேணாம்னு நாக்கால தள்ளினா. நான்தான் அழுத்தி அழுத்தி ஊட்டினேன்."

மாமா இதை மூன்று வாரம் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே வேலை கறை எடுப்பது. ரத்தக்கறை, மைக்கறை, துரு, அவர் கையில் போகாத கறையே கிடையாது. ஒரு நாள் மத்தியானம், பல நாள் தூங்காதவள் தன்னை மறந்து தூங்கிவிட்டாள். அவள் எழுந்திருப்பதற்குள் கறையை எடுத்து, மடியிலேயே திரும்ப வைத்துவிடலாம் என்று சட்டையைக் கூடத்துக்கு எடுத்துப்போனார். கறை மேல் மருந்து தடவினார். சின்ன வலைப்பையில் போட்டார். சீட்டு இல்லை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது, தான் பின்னினது. பதினாறு வருஷப் பழக்கம். கொதிநீர் உருளையில் போர்வைகளோடு போட்டுவிட்டு, மிஷின் கண்ணாடியில் முகத்தை வைத்தபடி நாற்பது நிமிஷமும் நின்றாராம்.

கறை சுத்தமாகப் போயிருந்தது. சட்டை அவர் உள்ளங்கையில் அடங்கியது.

அக்கா அதை வாங்கிப் பார்த்தாள். முழங்கையில் வைத்தாள். பாதிக் கைக்குக்கூட வரவில்லை. மோந்து பார்த்தாள், சலவைக்கூடத்து சோப்பு வாசனை. "அவதான் வளரல. சட்டையுமா சின்னதாகணும்?" என்றாள். அதற்கப்புறம் அவரோடு பேச்சு இல்லை.

மூன்று நாள் கழித்து மாமா போன் செய்தார். "மாப்ளே, ஞாயித்துக்கிழமை ஒரு எட்டு வந்துட்டுப் போறியா? உங்கக்கா எங்கிட்ட ஒண்ணும் பேசறதில்ல." நடந்ததைச் சொன்னார்.

நேராகக் கூடத்துக்குத்தான் போனேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாமா பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, சைக்கிள் கம்பி நுனியால் அந்தக் குட்டிச் சட்டையின் ஓரத்தைக் குத்திக்கொண்டிருந்தார்.

"நுனி மட்டும் கெடச்சுட்டாப் போதும் மாப்ளே. பிரிச்சுப் பின்னிடலாம். நூல் உள்ளதானே இருக்கு, எங்க போயிடும்?"

வாங்கிப் பார்த்தேன். கண்ணி என்று ஒன்று இல்லை. ஒன்றோடொன்று ஒட்டிப்போய் அட்டை மாதிரி இருந்தது. எந்த நுனியை இழுத்தாலும் நூல் வரவில்லை, பஞ்சுதான் வந்தது.

"மாமா, அந்த உருண்டை மேல பட்டை இருந்துச்சு. வெல தெரியக் கூடாதுன்னு நான்தான் கிழிச்சுப் போட்டேன். துவைக்கிறதப் பத்தியும் அதுல போட்டிருந்துச்சு. படிச்சேன். உங்களுக்குத் தெரியாததா, நான் என்ன சொல்றதுன்னு விட்டுட்டேன்."

அவர் நிமிரவில்லை.

"படம் என்ன போட்டிருந்துச்சு?"

"தொட்டி. உள்ள ஒரு கை."

"கையா?" தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். ரேகையில்லாத, வெளுத்த கை. "அப்ப கையாலதான் அலசணும். பச்சத்தண்ணில. பாத்திருந்தா அந்த உருள பக்கமே கொண்டு போயிருக்க மாட்டேனே."

நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. துணி ஏற்றுகிற வண்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார்.

"இத உங்கக்காகிட்ட சொல்லிடாத."

"சொல்லாம எப்படி மாமா? உங்கள இல்ல அவ…"

"எம்மேல கோவமா இருக்கா, இருந்துட்டுப் போகட்டும். நான் அதே வீட்லதான் இருக்கேன். உம்மேலயும் கோவம்னா அவ யார்கிட்டடா போவா?"

மிச்சம் ஒரு உருண்டை இருந்தது. அதே அறுபத்திரண்டு கண்ணி, அதே பொத்தான் வரிசை. பன்னிரண்டு துவைப்பில் புதுச் சட்டை முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டில் இருக்கும்போது, காலை வெயில் விழுகிற சமையலறை மேஜையில் அக்கா முன்னால் அதை வைத்துவிட்டு, மாமா கதவோரம் போய் நின்றுகொண்டார். சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி.

அக்கா சட்டையை எடுத்தாள். முழங்கை மடிப்பில் கழுத்து. மணிக்கட்டில் விளிம்பு. ஒரு நூலிழை வித்தியாசமில்லை.

"அளவு சரியாத்தான் இருக்கு" என்று என்னிடம் சொன்னாள். கழுத்தோரத்தைக் கட்டைவிரலால் தடவினாள். மஞ்சளாக எதுவும் இல்லாத அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். "ஆனா இதுக்குள்ள அவ இருந்ததே இல்லயேடா."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பட்டையைப் பற்றிச் சொன்னேன். விலை, பஸ் ஜன்னல், தொட்டிக்குள் கை, எல்லாவற்றையும். "டேய்!" என்று மாமா கதவோரத்திலிருந்து அதட்டினார். நிறுத்தவில்லை.

அக்கா திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பட்டைய நீ கிழிச்ச" என்றாள் மெதுவாக. "அவரு துவைச்சாரு. மருந்த நான் ஊட்டினேன். மூணு பேரும் நல்லதுக்குத்தானேடா செஞ்சோம்? போட்டுக்கிட்டவ எங்கடா?"

பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா புதுச் சட்டையைக் கதவுப் பக்கம் நீட்டினாள்.

"பிரிச்சிருங்க."

பதினோரு நாளில் அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. மாமா வந்து எதிரில் உட்கார்ந்தார். கடைசி முடிச்சை அவிழ்த்து நுனியைப் பிடித்து இழுத்தார். இது பிரிந்தது. டிர்ர்ர் என்று வரிசை வரிசையாக வந்தது. மேஜையில் குவிகிற நூலை அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தானாகவே நுனியை எடுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தாள். அவர் பிரிக்க, அவள் சுற்ற, ஒரு கை போனது, இன்னொரு கை போனது, பொத்தான்கள் மேஜையில் உருண்டன. மாமா புதுசோடு சேர்த்துக் கொண்டுவந்து வைத்த சுருங்கின சட்டை அவள் மடியில் இருந்தது. அதை யாரும் தொடவில்லை.

கடைசியில் அந்த அறுபத்திரண்டு கண்ணிகளும் ஒன்றன் பின் ஒன்றாக அவிழ்ந்தன. உருண்டை அக்காவின் கையில் இருந்தது. ஆனால் நூல் பழையபடி இல்லை. பின்னல் போட்ட இடமெல்லாம் நெளிநெளியாக நின்றது.

"தண்ணில நனைச்சுத் தொங்கவிட்டா நேராயிடும்" என்றார் மாமா, பழக்கத்தில். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்திருக்க வேண்டும். வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

அக்கா உருண்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சுடுதண்ணியா, பச்சத்தண்ணியா?" என்று கேட்டாள்.

"பச்சத்தண்ணி" என்றார் மாமா. அதைச் சொல்லும்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. "பச்சத்தண்ணிதான்மா."